மலைநாட்டு அடுப்படி – 14: ரொட்டிக்குள் வந்த மெக்சிக்கோ

சென்ற இதழில், கோப்பிக் காலத்துக் கூலிகள் தலையில் சுமந்துவந்த அரிசி மூட்டையோடு நிறுத்தியிருந்தோம். இந்த இதழில் அரிசி கைவிட்ட பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். அதாவது, கோதுமை மாவும் கொச்சிக்காயும் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தின் அடுப்பில் சந்தித்த கதையை.

கொழும்பிலும் நுவரெலியாவிலும் இப்போது சில உணவகங்கள் டாகோவுக்குள் தேங்காய்ச் சம்பலை வைக்கின்றன, டோர்ட்டியாவுக்குப் பதில் ரொட்டியை மடிக்கின்றன. ஆசியச் சுவையும், டெக்சாஸும் மெக்சிக்கோவும் கலந்த டெக்ஸ்-மெக்ஸ் சுவையும் சேர்ந்த புதுமை என்று அதற்குப் பெயர். அந்தச் சமையற்காரர்களின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை, நல்ல கைகள் இருக்கின்றன. ஆனால் சுட்ட கோதுமைத் தட்டையில் அரைத்த மிளகாயும் வெங்காயமும் எலுமிச்சம்புளியும் சேர்ந்த ஒரு சாப்பாடு ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா லயங்களில் எண்பது ஆண்டுகளாக அன்றாடம் நடந்துவருகிறது. அதைச் செய்தவர்கள் விடியுமுன் எழுந்த பெண்கள். அவர்கள் பெயர் எந்த உணவுப் பட்டியலிலும் வராது. இந்தத் தொடரை நான் எழுதத் தொடங்கியதற்கு அதுவே பெரிய காரணம்.

முதலில் மிளகாய். மெக்சிக்கோ மண்ணில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பயிராக்கப்பட்ட செடி இது. கொலம்பஸின் பயணத்துக்குப் பிறகு ஐரோப்பியர் கையில் சிக்கி, போர்த்துக்கேயக் கப்பல்களில் 16ஆம் நூற்றாண்டில் இந்தியக் கரைக்கு வந்தது. இலங்கைக் கரையில் போர்த்துக்கேயர் இறங்கியது 1505இல். அதுவரை நம் முன்னோருக்குக் காரம் என்றால் மிளகும் இஞ்சியும்தான். மிளகு ஏற்றுமதிச் சரக்கு, காசுக்குப் போகும் பொருள். மிளகாயோ வீட்டுக் கொல்லையில் காய்த்தது, வெயிலில் காய்ந்தது, ஆண்டு முழுக்கப் பானையில் கிடந்தது. ஏழை வீட்டுக் கறிக்கு அது அவ்வளவு வேகமாகக் குடிவந்ததற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, மதுரை, சேலம் பக்கங்களிலிருந்து நம்மவர்கள் கண்டிச் சீமைக்குப் புறப்பட்ட 19ஆம் நூற்றாண்டில், மிளகாய் அவர்கள் நாக்கில் முந்நூறு ஆண்டுப் பழக்கமாகிவிட்டிருந்தது. இராமநாதபுரத்து முண்டு மிளகாய் இன்று புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. அன்று அது மூட்டையின் மூலையில் முடிந்துவந்த ஒரு பிடி வீட்டு வாசனை. தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த காட்டுப் பாதையில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்கள் போக, மீதிப்பேர் மேலேறினார்கள். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம் எல்லாம் பின்னர் தூத்துக்குடியிலிருந்து கப்பலில் வந்து, ரயிலில் ஏறி மலைக்கு வந்தன. ரயில் 1884இல் ஹட்டனைத் தொட்டது, 1885இல் நானுஓயாவை. அதற்கு முன்பெல்லாம் மாட்டு வண்டிதான்.

அரிசியோ கூலியோடு பிணைந்திருந்தது. தோட்டம் அரிசியை அளந்து கொடுக்கும், மாதக் கணக்கில் கழித்துக்கொள்ளும். மிச்சத்தைக் கங்காணியின் கடை கழித்துக்கொள்ளும். 1927இல் இந்தியத் தொழிலாளர் சட்டம் குறைந்தபட்சக் கூலியை வகுத்தபோதுகூட அரிசியின் விலை அதே கணக்கில் உட்கார்ந்திருந்தது. இந்த அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து வந்தது. தோட்டத்துச் சனத்துக்கு வயல் கிடையாது, குத்தகைக்கு நிலமும் கிடையாது. ரங்கூனில் கப்பல் நின்றால் நோர்வூட்டில் உலை நிற்கும் என்ற நிலை.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. அடுத்த மாதம் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. பர்மா அரிசி நின்றுபோனது. அரசாங்கம் பங்கீட்டுக் கூப்பனைக் கொண்டுவந்தது. அரிசியைக் குறைத்து அந்த இடத்தில் கோதுமை மாவைக் கொடுத்தது.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். நம் பெண்களுக்குக் கோதுமை மா புதிது. அரிசியை இடித்து, அவித்து, புளிக்கவைத்துச் சமைக்கத் தெரிந்த கைகள் அவை. இந்த வெள்ளை மாவு கஞ்சியானால் பசையாகும், பிட்டானால் கட்டிதட்டும். பாண் சுட லயத்தில் போறணை ஏது? ஒரு காம்பராவும் ஒரு இஸ்தோப்பும் ஒரு விறகு அடுப்பும் அதன்மேல் ஓர் இரும்புத் தட்டும்தான் வசதி. இருந்ததில் எது முடியுமோ அதைச் செய்தார்கள். உப்புத் தண்ணீர் தெளித்து மாவைப் பிசைந்து, இருந்தால் கொஞ்சம் தேங்காய்ப்பூ சேர்த்து, உருட்டி, உள்ளங்கையால் தட்டி, தட்டில் போட்டுச் சுட்டார்கள். எண்ணெய் இல்லாமல் சுட்டதால் செலவு குறைந்தது. கனமாக இருந்ததால் பசி தாங்கியது. துணியில் சுற்றினால் கொழுந்து மலை வரைக்கும் உடையாமல் வந்தது. சோற்றை அப்படிக் கொண்டுபோக முடியாது.

தேங்காய் மலையில் விளையாது. குருணாகல், சிலாபம் பக்கத்திலிருந்து ஏறிவர வேண்டும், ஏறிவருகையில் விலையும் ஏறும். ஆகவே சம்பளம் போட்ட வாரத்தில் தேங்காய்ச் சம்பல், மாதக் கடைசியில் தேங்காய் இல்லாத சம்பல் என்று ஒரு ஒழுங்கு வந்தது. செத்தல் கொச்சிக்காய், சின்ன வெங்காயம், உப்பு, கைக்கு எட்டினால் ஒரு துண்டு மாசி, பிழிய ஒரு எலுமிச்சங்காய் துண்டு. அம்மியில் வைத்து நசுக்கினால் கட்டைச் சம்பல். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, தப்பு அடிக்குமுன்னே அம்மிச் சத்தம் லயம் முழுக்கக் கேட்கும். சுட்ட ரொட்டியின் நடுவில் அந்தச் சிவப்பை இழுவி, மடித்து, துணியில் முடிந்து, சாயத்தண்ணியை போத்தலில் ஊற்றி இடுப்பில் செருகிப் புறப்படுவார்கள். அட்டைக்கடியும் பனியும் உள்ள மலையில் அந்தக் காரம் உடம்புக்குக் கொஞ்சம் சூடு தந்தது என்று முதியவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

இதே காரியம் பூமியின் மறுபக்கத்தில் எப்படி நடந்தது என்று பார்த்தால்தான் நம் கதையின் அளவு தெரியும்.

மெக்சிக்கோவின் பழைய ரொட்டி சோளத்தில் செய்தது. சோளனைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, மெட்டாட்டே என்ற கல்லில் அரைத்து, கையால் தட்டி, கொமால் என்ற தட்டில் சுடுவார்கள். அந்தக் கல்லைப் படத்தில் பார்க்கும் மலையகத்தவர் யாரும் அம்மி என்றே சொல்வார்கள். ஸ்பானியர் வந்த பிறகு வடக்கு வறட்சி நிலங்களில் கோதுமை பயிரானது. அந்தப் பகுதிகளில் டோர்ட்டியா கோதுமை மாவுக்கு மாறியது. இன்றைய டெக்சாஸ் அந்த வடக்கின் தொடர்ச்சிதான். அங்குள்ள கறியில் சீரகம் தூக்கலாக இருப்பதற்கு, 1731இல் சான் அன்டோனியோவில் குடியேறிய கானரித் தீவினரைக் காரணமாகச் சொல்வது அவ்வூர் வழக்கம். மெக்சிக்கோவின் உட்பகுதிச் சமையலில் சீரகம் அவ்வளவு முந்திக்கொண்டு வராது. நம் நாக்குக்கு டெக்சாஸ் கறி அந்நியமாகப் படாததற்கு இந்தச் சீரகமும் மிளகாயும் சேர்ந்த வாசனைதான் காரணம் என்பது என் எண்ணம்.

அதை ஆக்கியவர்கள் யார்? 1880களிலிருந்து சான் அன்டோனியோவின் திறந்த சதுக்கங்களில் மெக்சிக்கப் பெண்கள் மாலையானால் விளக்கேற்றி, விறகு மூட்டி, மிளகாயும் இறைச்சியும் கொதித்த சட்டியோடு உட்கார்ந்தார்கள். மிளகாய் ராணிகள் என்று பெயர் பெற்ற அவர்களை 1930களின் கடைசியில் சுகாதார விதிகளைச் சொல்லி நகரசபை அப்புறப்படுத்தியது. அதற்குள் அவர்களின் சுவை போத்தலில் அடைபட்டுவிட்டது. நியூ பிரௌன்பெல்ஸ் ஊரில் வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியக் குடியேறி 1890களில் மிளகாய்த் தூளைத் தொழிலாக்கி விற்றார். தெற்கு டெக்சாஸின் மாட்டுப் பண்ணைகளில் மெக்சிக்க மேய்ப்பர்களுக்குக் கூலியின் ஒரு பங்காகத் தலையும் குடலும் விலா அடியின் முரட்டுச் சதையும் கொடுக்கப்பட்டன. அந்த முரட்டுச் சதையைத் தணலில் வாட்டிக் கோதுமை டோர்ட்டியாவில் சுற்றித் தின்றார்கள். அது இன்று பஹீத்தா என்ற பெயரில் விலையுயர்ந்த தட்டுகளில் வருகிறது. முதலாளி அளந்து கொடுத்ததை வைத்துத் தொழிலாளி ருசி கண்ட கதை அங்கும் உண்டு.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு சந்திப்பு கலிபோர்னியாவில். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சாபிலிருந்து அங்கே விவசாய வேலைக்குப் போன ஆண்கள், 1917ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தால் ஊரிலிருந்து மனைவியரை அழைத்துவர முடியாமல் போனார்கள். வெள்ளையரை மணக்கவும் சட்டம் விடவில்லை. இம்பீரியல் பள்ளத்தாக்கிலும் யூபா சிற்றியிலும் அவர்கள் மெக்சிக்கப் பெண்களை மணந்தார்கள். அந்த வீடுகளில் ரொட்டியும் டோர்ட்டியாவும் ஒரே அடுப்பில் சுடப்பட்டன, மிளகாய் இரு பக்கத்தாருக்கும் சொந்தமாக இருந்தது. யூபா சிற்றியில் 1954இல் திறந்து 1993வரை நடந்த எல் ராஞ்சேரோ என்ற உணவகம் ரொட்டிக்குள் பாற்கட்டியும் இறைச்சியும் வைத்து மடித்த கேசடியாவுக்குப் பேர்போனது. ஆசியாவும் மெக்சிக்கோவும் கலந்த சாப்பாட்டுக்கு இதைவிட நேரான வம்சாவளி எனக்குத் தெரியாது. லொஸ் ஏஞ்சல்ஸ் தெருவில் ரோய் சோய் 2008இல் கொகி என்ற உணவு வண்டியை ஓட்டி, கொரிய இறைச்சியை டாகோவில் வைத்து உலகப் புகழ் பெற்றது அரை நூற்றாண்டு கழித்துத்தான்.

மலைக்குத் திரும்புவோம். போர் முடிந்தும் மா போகவில்லை. 1954இல் அமெரிக்கா தன் உபரித் தானியத்தைக் கடனுக்கும் உதவிக்கும் அனுப்ப பி.எல். 480 சட்டத்தைச் செய்தது. இலங்கை 1958இல் அதில் சேர்ந்தது. அமெரிக்கச் சமவெளியில் விளைந்த கோதுமை இப்படிக் கொட்டகலைச் சங்கக்கடைக்கு வந்து, மெக்சிக்கோ வழி வந்த மிளகாயோடு ஒரு தட்டில் உட்கார்ந்தது. இரண்டும் ஒரே கண்டத்திலிருந்து வந்தவை, ஒன்று நூற்றாண்டுகளுக்கு முன் கடலோடியின் கையில், மற்றது அரசாங்க ஒப்பந்தத்தில். இடையில் நின்று சேர்த்தவர் ஒரு தமிழ்ப் பெண்.

1973, 1974 ஆண்டுகளை மலையகம் மறக்கவில்லை. உலகச் சந்தையில் தானிய விலை ஏறியது, அரிசிப் பங்கீடு வெட்டப்பட்டது, மாவும் சீனியும் சுருங்கின. அரசாங்கம் செத்தல் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியை நிறுத்தியபோது யாழ்ப்பாணத்து விவசாயி தலைநிமிர்ந்தான். அது நல்ல செய்தி. ஆனால் அதே மிளகாயை விலைகொடுத்து வாங்க வேண்டிய தோட்டத்து வீட்டுக்கு ஒரு கட்டைச் சம்பலே பெருஞ்செலவானது. கிராமத்தவருக்குக் கொல்லையில் மரவள்ளியும் பலாவும் இருந்தன. லயத்துக்கு முன்னாலும் பின்னாலும் தேயிலை. 1974இல் தோட்டங்களின் மரண வீதம் பாய்ந்து ஏறியது. ரொட்டிக்கும் மா கிடைக்காமல் மனிதர்கள் நகரங்களில் கையேந்தினார்கள். ரொட்டியின் பெருமையைப் பேசும் எவரும் இந்த இரண்டு ஆண்டுகளைத் தாண்டிப் பேசக்கூடாது என்பேன்.

அதே பத்தாண்டில் தாய்மார் கிளினிக்குகளுக்கு வந்த திரிபோஷாவையும் இங்கே குறிக்க வேண்டும். அது சோளனும் சோயாவும் கலந்த சத்துமா. சோளன் மெக்சிக்கோவின் பயிர், சோயா சீனத்தின் பயிர். தோட்டத்துத் தாய்மார் அதைத் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து உருண்டை பிடித்துப் பிள்ளைக்குக் கொடுத்தார்கள். பெரியவர்களும் கிள்ளித் தின்றார்கள் என்பது பல வீட்டின் இரகசியம். 1980இல் திருகோணமலையில் பிரீமா ஆலை இயங்கத் தொடங்கியபின் நாட்டின் மா அங்கேயே அரைபட்டது. கூப்பன் மறைந்து மா கடைச் சாமானாயிற்று.

லயத்துச் சின்னத் தோட்டங்களில் நடந்த கலப்பு இன்னும் அமைதியானது. சாமுவேல் பேக்கர் 1848இல் நுவரெலியாவில் ஆங்கிலப் பண்ணை போட முயன்ற காலம் முதலே குளிர்நாட்டுக் காய்கறி இங்கே பழகியது. அதில் லீக்ஸும் கோவாவும் ஐரோப்பாவின் கொடை. போஞ்சி, தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்கக் கண்டத்தவை. பந்தலில் தொங்கும் சௌசௌ மெக்சிக்கோவுக்கும் மத்திய அமெரிக்காவுக்கும் சொந்தமான கொடி. பீலித் தண்ணீர் ஓடும் கானோரத்தில் அது கேட்காமலே காய்க்கிறது, பருப்போடு சேர்ந்து கறியாகிறது, நுனிக் கொழுந்து சுண்டலாகிறது. சிங்களத்தில் நை மிரிஸ் எனப்படும் மணக்கும் மிளகாயும் யூக்கத்தானின் ஹபனேரோவும் ஒரே இனம். தோட்டத்து எல்லையில் வளரும் ஆனைக்கொய்யாவும் மெக்சிக்கோ வழி வந்ததுதான். ஆனால் அதை மிளகாயும் வெங்காயமும் சேர்த்துப் பிசையும் வழக்கம் மட்டும் கூடவரவில்லை. இங்கே சீனியும் டின்பாலும் ஊற்றிக் கரண்டியால் தின்றோம்.

அந்தப் பழத்தின் உப்புக் காரப் பக்கத்தை நமக்குக் காட்டியவர்கள் சுற்றுலாப் பயணிகள். எல்ல போன்ற ஊர்களில் ரொட்டிக்குள் ஆனைக்கொய்யாவும் தக்காளியும் சீஸும் வைத்து மடித்துக் கொடுக்கும் கடைகள் முளைத்தன. கடைச் சமையலின் கை அதற்கு முன்பே பழகியிருந்தது. உருளைக்கிழங்கும் லீக்ஸும் மிளகாயும் வதக்கி முக்கோணமாக மடித்த மரக்கறி ரொட்டி, ஹட்டன் பஸ் நிலையத்திலும் ரயில் பெட்டியிலும் விற்கும் பழைய சரக்கு. கிழக்கிலிருந்து வந்த கொத்து ரொட்டியின் இரும்புச் சத்தம் இன்று ஹட்டன் நகரில் மாலையின் அடையாளம். சீஸ் கொத்து அதன் அடுத்த பிள்ளை. டெக்சாஸில் காலை நேரத்தில் உருளைக்கிழங்கும் முட்டையும் வைத்து மடிக்கும் டாகோவை நம் ஊர் முட்டை ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டையும் உறவுக்காரர் என்றே சொல்லலாம்.

வீட்டில் செய்துபார்க்க விரும்பும் வாசகருக்கு ஒரு பக்குவம் சொல்கிறேன். தோட்டத்து ரொட்டி கனமானது, மடித்தால் வெடிக்கும். மாவைக் கொதித்த தண்ணீரில் பிசைந்து, ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, அரை மணி நேரம் மூடிவைத்து மெல்லியதாகத் தேய்த்தால் வளைந்துகொடுக்கும். சுட்டவுடன் துணியில் மூடிவைக்க வேண்டும், ஆவிதான் அதை மென்மையாக வைத்திருக்கும். உள்ளே சிவப்பு அவரையைச் சீரகம், பூண்டு சேர்த்து மசித்து வைக்கலாம். செத்தல் மிளகாயை எண்ணெயில் பொரிக்காமல் வெறும் தட்டில் வாட்டி, வெந்நீரில் ஊறவைத்து அரைப்பது மெக்சிக்க முறை. அதைச் செய்து பார்த்தால் காரம் தணிந்து ஒரு புகை வாசம் எழும். அந்த அரைப்போடு சின்ன வெங்காயமும் எலுமிச்சையும் சேருங்கள். மாசியை விடாதீர்கள். டெக்சாஸில் பாற்கட்டி தரும் உப்பையும் ஆழத்தையும் நம் பக்கத்தில் மாசிதான் தரும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், ஏதாவது ஒன்று போதும்.

கடலைத் தாண்டிய இன்னொரு கிளையும் உண்டு. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்பாட்டால் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் நீலகிரியின் கூடலூர், கோத்தகிரி பக்கங்களில் மீண்டும் தேயிலைக்கே போனார்கள். அவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தோட்டங்கள்தான் பின்னர் டான்டீ ஆயின. அங்கே சிலோன்காரர் என்று தனித்துப் பேசப்பட்ட அந்த வீடுகளில் தேங்காய்ப்பூ ரொட்டியும் சம்பலும் தொடர்ந்தன. பர்மா அரிசி நின்றதால் பிறந்த பழக்கம், முன்னோர் புறப்பட்ட நாட்டுக்கே திரும்பியது.

2022இல் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு வற்றியபோது கோதுமை மாவின் விலை ஓராண்டுக்குள் மும்மடங்கை எட்டியது. அதற்கு முந்திய ஆண்டில்தான் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் நீண்ட போராட்டத்துக்குப் பின் 1,000 ரூபாவாகியிருந்தது. முன்னர் சோற்றுக்கு மாற்றாக வந்த ரொட்டிக்கே அப்போது மாற்றுத் தேட வேண்டியதாயிற்று. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வு தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 31.7 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று பதிந்தது, நாடளாவிய அளவு 17.3 வீதம். ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியும் மட்டுமே மூன்று வேளையும் என்றால் உடம்புக்குப் புரதம் எங்கிருந்து வரும்? மெக்சிக்க ஏழையின் தட்டில் சோள ரொட்டிக்குத் துணையாக அவரை எப்போதும் இருந்தது, அந்தச் சேர்க்கை புரதக் குறையை ஓரளவு அடைத்தது. நம் பந்தலிலும் போஞ்சி காய்க்கிறது. ஆனால் அதை முற்றவிட்டு விதையாக்கிச் சமைக்க நிலமும் நேரமும் வேண்டும். நிலம் இன்னும் தோட்டத்துக்குச் சொந்தம், நேரம் கொழுந்து நிறுக்கும் தராசுக்குச் சொந்தம்.

(அடுத்த இதழில்: கங்காணியின் கடையும் செத்தல் மிளகாயின் கடன் கணக்கும்)